பாகல் பிடித்த விரல்

மூட்டை தூக்கிப் பிசகிய இடுப்பு ஆறட்டும் என்று பாகல் பந்தலடியில் கட்டில் போட்டுப் படுத்த வேலாண்டிக்கு, வலி போன பிறகும் எழ மனம் வரவில்லை. அன்று மூட்டை வேலைக்கு ஆள் ஏற்றிப்போகும் லாரி வாசலுக்கே வந்து ஹாரன் அடித்தது. எழப் பார்த்தவன் தன் கால் கட்டைவிரலைக் கண்டு அசந்துபோனான். பாகற்கொடியின் பச்சைச் சுருள் ஒன்று விரலை இறுகச் சுற்றியிருந்தது.

“யோவ், இன்னைக்கும் வரலேன்னா வேற ஆளச் சேத்துக்கிருவாராம் மேஸ்திரி,” என்றாள் மனைவி பொன்னுத்தாய்.

“மெதுவாப் பேசு புள்ள. என்னையப் பந்தக்காலுன்னு நம்பிப் பிடிச்சிருக்கு, பாரு.”

அவள் குனிந்து பார்த்தாள். போய் ஒரு குச்சி எடுத்துவந்து அவன் காலருகே ஊன்றினாள். “அதுக்கு இது போதும். நீ எந்திரி.”

மறுபடி ஹாரன். சுருளின் நுனி குச்சிப் பக்கம் திரும்பட்டும் என்று, வேலாண்டி மூச்சடக்கிப் பார்த்துக்கொண்டே கிடந்தான்.