அடித்துளை

ஒரு தொட்டியில் முழ உயரத்துக்கு ஓர் ஆலமரம் இருந்தது. தோட்டக்காரர் அதன் வேர்களை ஒரு கருங்கல்லின்மேல் பரப்பி, கயிற்றால் கட்டி, மரமும் இலையும் சிறிதாகவே இருக்கும்படி வளர்த்தார். கயிற்றை அவிழ்த்துப் பல வருடங்கள் ஆகியும் வேர்கள் கல்லை விடவில்லை.

ஒருமுறை அவர் தொட்டியை வெறும் மண்தரையில் வைத்தார். சில நாட்களில் மரம் கல்லிடம், "அண்ணே, அடித்துளை வழியாக ஒரு வேர் வெளியே போய்விட்டது. கீழே மண் முடியவே இல்லை," என்றது.

"மெதுவாகப் பேசு தம்பி. இலையை மட்டும் பெரிதாக விட்டுவிடாதே. அவர் இலையைத்தான் பார்ப்பார்."

"அதுகூட எனக்குத் தெரியாதா?"

ஆனால் நிலத்து நீர் ஏற ஏற, அடுத்த தளிர் உள்ளங்கை அகலத்துக்கு விரிந்தது.

"எப்படி இருக்கிறது அண்ணே?"

"ரொம்ப அழகு. இப்போது சுருட்டி வைத்துக்கொள்," என்றது கல்.

மறுநாள் தோட்டக்காரர் அந்த இலையைப் பார்த்தார். தொட்டியைத் தூக்கி, தொங்கிய வேரை நறுக்கினார். இலையையும் கிள்ளிப் போட்டுவிட்டு, தொட்டியைச் சிமெண்ட் மேடையில் வைத்தார்.

அதன்பிறகு மரம் நகத்தளவு இலைகளே விட்டது. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள்.

இரண்டு வருடம் கழித்து, மேடையைக் கழுவுவதற்காகத் தொட்டியைத் தரையில் இறக்கிய தோட்டக்காரர், அதை அங்கேயே மறந்துவிட்டார். பத்து நாள் மழை பெய்தது.

"தம்பி, தரையில்தான் இருக்கிறோம். துளை திறந்தே இருக்கிறது," என்றது கல்.

"எந்தத் துளை அண்ணே?" என்று கேட்டுவிட்டு, மரம் கல்லை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டது.