வாய் திறக்காதவர்

எங்கள் புகைப்படக் கூட்டத்தில் ஒரு விதி உண்டு. திரையில் போடும் படத்தில் பெயர் இருக்காது. எல்லோரும் பேசி முடிக்கும்வரை எடுத்தவர் வாய் திறக்கக் கூடாது. இந்த மாதம் வந்த ஒரு படத்தில் என் மனைவி வாசுகி சிரித்துக்கொண்டிருந்தாள். ஈரத் தலையில் துண்டு, வாயைப் பொத்தப் போய்ப் பாதியில் நின்ற கை. அந்தச் சிரிப்புக்காக லென்ஸ் லென்ஸாக மாற்றிப் பார்த்தவன் நான்; ஒருமுறைகூடக் கிடைத்ததில்லை. என்னிடம், "போதும், கேமராவ வைங்க" என்பாள். அங்கே யாருக்கும் அவளைத் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன். வெளிச்சத்தைப் புகழ்ந்தார்கள், கையைப் புகழ்ந்தார்கள். பேசாதவன் யாரென்று முகம் முகமாகத் தேடினேன். பின்வரிசையில் கதிரேசன் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதற்குள் கூட்டத்தை நடத்தும் ரோசாரியோ என்னைக் கைகாட்டினார். "சார்தான் வாயே திறக்கல. அப்போ இது உங்க படம்!" எல்லோரும் கைதட்டினார்கள். கதிரேசனும் தட்டினான். நான் எழுந்து கும்பிட்டேன். "ஒண்ணே ஒண்ணு கேக்கணும் சார்," என்றார் ரோசாரியோ. "இவங்க இப்படிச் சிரிக்கிற மாதிரி என்ன சொன்னீங்க?" எனக்கும் அதுதான் தெரிய வேண்டியிருந்தது. கதிரேசனைத் திரும்பிப் பார்த்தேன்.