பிரதமரின் நாற்காலி

அந்த நாட்டில் பதவி போன பிரதமர், தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தானே சுமந்துகொண்டு கடைத்தெரு வழியாக வீட்டுக்கு நடக்க வேண்டும். அப்படி ஒரு வழக்கம், பாருங்கள். பொருளாதாரப் பேராசிரியராக இருந்து, நிதியமைச்சராகி, பிரதமராகவும் ஆன அன்செல்முக்கு அந்த நாள் வந்தது. ரொட்டிக்கு வரி போட்டவர் அவர்தான். இனி யார் முகம் கொடுத்துப் பேசுவார்கள் என்ற பயத்தில், நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நடந்தார்.

ரொட்டிக்கடை லுட்மிலா வழியை மறித்தாள்.

“இறக்குங்க பேராசிரியரே, கழுத்து சுளுக்கிக்கப் போவுது.”

இறக்கியதும் அவளே அதில் ஏறி உட்கார்ந்தாள். “இப்ப நான்தான் பிரதமர். ரொட்டி வரி ரத்து!”

தெருவே கைதட்டியது. மீன்காரர் அவளை எழுப்பிவிட்டு உட்கார்ந்து, “இனிமே திங்கக்கிழமையே கிடையாது!” என்று அறிவித்தார். அதற்குள் பின்னால் பெரிய வரிசை சேர்ந்துவிட்டது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்த அன்செல்ம், நாற்காலியை எடுக்கக் கை நீட்டினார்.

“வரிசையில வாங்கய்யா!” என்று அதட்டிய லுட்மிலா, சூடான ரொட்டி ஒன்றை அவர் கையில் திணித்தாள். “சாப்பிடுங்க, வரி கிடையாது.”

ரொட்டியை மென்றுகொண்டே அவர் கடைசி ஆளாகப் போய் நின்றார், தன் முறை வந்தால் என்ன உத்தரவு போடலாம் என்று யோசித்தபடி.