ஒரே பொறுப்பாளர்

பதிவு அலுவலகத்தில் பத்திரத்தின் மேல் முத்திரை விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் தையற்காரம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

வீடும் அதன் கீழே இருக்கும் தையல் கடையும் இனி டிரஸ்ட்டுக்குச் சொந்தம். டிரஸ்ட் மகனுக்காக. முப்பது தாண்டியும் சட்டைப் பொத்தானுக்கு அம்மாவைத் தேடுகிற பிள்ளை. அவள் காலத்துக்குப் பின் வீட்டையும் அவனையும் பார்த்துக்கொள்ள ஒரே பொறுப்பாளர், மகள்.

வக்கீல் வைக்கவில்லை. கறுப்புக் கோட்டைப் பிரித்துத் தைக்கக் கடைக்குக் கொண்டுவந்த வக்கீலம்மா ஓசியிலேயே ஒரு யோசனை சொல்லத்தான் சொன்னாள்.

"பொண்ணு மட்டும் போதாதும்மா. அவங்களைக் கேள்வி கேக்க இன்னொருத்தரையும் போடுங்க."

வாயில் குண்டூசியோடு இருந்த இவளுக்குச் சுருக்கென்றது. என் வயிற்றில் பிறந்தவளுக்குக் காவலா?

பக்கத்து வீட்டுப் பத்திரத்தைப் பார்த்துத் தானே எழுதினாள். கொழுந்தன்மார் நாளைக்கு மூக்கை நுழைத்துவிட்டால்? எழுதிய நானே நினைத்தாலும் இதை மாற்ற முடியாது என்று ஒரு வரி சேர்த்தாள். அந்த வரியில் அவளுக்கு அத்தனை பெருமை.

விரலில் ஒட்டிய மையைத் துடைத்துக்கொண்டே மகள் தம்பியின் பக்கம் திரும்பினாள்.

"நாளைக்கு அம்மாவுக்கு ஆபரேஷன்டா. நீ என் வீட்டுக்கு வந்துடு, என்ன?"

அவன் விருட்டென்று எழுந்து நின்றான்.

"வரேன்க்கா. இந்தத் தடவை கட்டிப் போடாதக்கா. சமத்தா இருக்கேன்."

போன மாதம் ஸ்கேன் எடுக்கப் போனபோது, ஒரே ஒரு ராத்திரி அவனை மகளிடம் விட்டிருந்தாள்.

தையற்காரம்மா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "சார், அதை இப்படிக் குடுங்க. கிழிச்சுப் போட்டுடறேன்."

பதிவு அதிகாரி பத்திரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "மாத்த முடியாதுன்னு நீங்களே எழுதிக் கொண்டாந்துட்டு... இனிமே கோர்ட்டுக்குத்தாம்மா போகணும்."

அவள் மகளையே பார்த்தாள். உளறுகிறான் என்று ஒரு வார்த்தை சொல்லேன்டி. பொய்யாகவாவது சொல்லித் தொலையேன்.

மகளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"துணியாலதாம்மா கட்டினேன்," என்றாள். "கயித்தால இல்ல."