புள்ளியின் சம்மதம்

"முடியாதுன்னா முடியாது. நான் சம்மதம் குடுக்க மாட்டேன், டாக்டரம்மா."

புள்ளி நாற்காலியைத் திருப்பிக்கொண்டார். மூளை ஆராய்ச்சி நிலையத்தில் புள்ளிவிவரம் பார்ப்பவர். அதனால் எல்லோருக்கும் புள்ளி.

டாக்டரம்மா அசையவில்லை. "தப்பா அச்சாகியிருக்கு. திருத்தணும்."

தப்பு இதுதான். குழந்தைகளுக்கு வரும் ஒருவகை வலிப்பைப் பற்றி இவர்கள் இருவரும் தூரத்துச் சிற்றூர் மருத்துவர் ஒருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை. அச்சில், யார் எந்த இடத்தில் வேலை பார்க்கிறார் என்று காட்டப் பெயருக்கு மேலே போடும் குட்டி எண்கள் இடம் மாறிவிட்டன. அந்தச் சிற்றூர் மருத்துவர் இந்த நிலையத்தில் இருப்பதாகவும், டாக்டரம்மா அந்தச் சிற்றூர் ஆஸ்பத்திரியில் இருப்பதாகவும் ஆகிவிட்டது.

"ஆய்வு முடிவைப் பாதிக்காத பிழைதானே" என்று ஆய்விதழ்க்காரர்கள் கைகழுவினார்கள். டாக்டரம்மா விடுவாரா? எழுதி எழுதி, "மூவரும் சம்மதித்தால் திருத்துகிறோம்" என்று பதில் வரவழைத்துவிட்டார். அந்த மருத்துவர்கூடச் சம்மதித்தாயிற்று. பாக்கி புள்ளிதான்.

"அந்த மனுஷன் பாவம். ஒழுகுற கட்டடத்துல உட்கார்ந்து உயிரைக் குடுத்து வேலை பார்த்தார். பெரிய இடத்துப் பேரு அவர் பக்கத்துல இருந்துட்டுப் போகட்டுமே! உங்களுக்கு ஏன் வயிறு எரியுது?"

"புள்ளி, நான் சொல்றதைக் கொஞ்சம்..."

"சின்ன ஊர்ப் பேரு ஒட்டிக்கிட்டா கிரீடம் இறங்கிடுமோ?"

டாக்டரம்மாவின் முகம் சிவந்தது. "நீங்க சம்மதிக்கிற வரைக்கும் இந்த இடத்தை விட்டு நகர மாட்டேன்."

மேஜைத் தொலைபேசி அடித்தது. வாசல் காவலாளி.

"டாக்டரம்மா, இன்னிக்கும் ஒருத்தங்க வந்திருக்காங்க."

அவன் முடிப்பதற்குள் அவர் படியிறங்கிவிட்டார்.

"நகர மாட்டேன்னீங்களே!" என்று கிண்டலடித்தபடி பின்னாலேயே போனார் புள்ளி.

வாசல் பெஞ்சில் ஒரு பெண். தோளில் துவண்டு கிடந்தது குழந்தை. கைபேசியை நீட்டினாள். திரையில் அந்தக் கட்டுரை.

"இந்த டாக்டர் இங்கதானே இருக்கார்? என் தங்கச்சி தேடிக் குடுத்தா. ராத்திரி பூரா பஸ்ல வந்தோம். வழியிலயும் வலிப்பு வந்துடுச்சும்மா."

டாக்டரம்மா குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டார். "முதல்ல இவனைப் பார்த்துடறேன். அவர் இங்க இல்லம்மா..." எந்த ஊர் ஆஸ்பத்திரி என்று மெல்லச் சொன்னார்.

அவள் விழித்தாள்.

"எங்க ஊர் ஆஸ்பத்திரியா? அது வாசல்லதானேம்மா பஸ் ஏறினோம்!"

சம்மதம் கொடுக்க மாடிக்கு ஓடினார் புள்ளி.