இரண்டாவது மாடியில் எக்கோ

ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ரிப்பேர். இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுக்கும் அறை இரண்டாவது மாடியில். பதினோரு மணிக்குள் போகாவிட்டால் பெயரை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிடுவார்கள்.

ஏழாவது படியில் ஏஞ்சலம்மாள் உட்கார்ந்துவிட்டாள்.

"முட்டு வலிக்கு. கொஞ்சம் நில்லுங்க."

அவள் புருஷன் சேசுராஜ் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நோயாளி... நானா... நீயாட்டி?"

பின்னால் வந்தவர்கள் இந்தியில் முணுமுணுத்தபடி விலகிப் போனார்கள். முடியாதவர்கள் எதற்குத் துணைக்கு வருகிறார்கள் என்று ஒருத்தி காதுபடவே கேட்டாள். ஏஞ்சலம்மாள் முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

சேசுராஜ் ஏசத் தொடங்கினார். ஒரு வருஷமாக இந்த முழங்காலோடு மாரடிக்கிறாராம். ஏணி ஏற முடியாதென்று தாராவி வீட்டில் படுக்கையைப் பரணிலிருந்து கீழே இறக்கியது, நடந்தே போகிற கோயிலுக்கு ஞாயிறுதோறும் ஆட்டோ பிடிக்க வைத்தது, எல்லாம் வந்தது.

"ஒன்னையக் கூட்டிட்டு வந்ததுக்கு நான் தனியாவே வந்து எக்கோ எடுத்துட்டு இந்நேரம் வீட்டுக்குப் போயிருப்பேன்" என்று முடித்தார்.

அவள் எழுந்தாள்.

முதல் மாடித் திருப்பத்தில் மறுபடி உட்கார்ந்தாள். மறுபடி ஏச்சு. அதற்கு மேலும் ஏழெட்டுப் படிக்கு ஒருமுறை இப்படியே. மேலே போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்றாக இரண்டு நிமிஷம்.

டாக்டர் வந்தனா மாட்டுங்காவில் வளர்ந்த தமிழ்ப்பெண். சேசுராஜை இடப்பக்கம் சரிந்து படுக்கச் சொல்லி, நெஞ்சில் ஜெல் தடவி, கருவியை விலா எலும்புகளுக்கு இடையில் வைத்து அழுத்தினாள். திரையில் இதயம் விரிந்து சுருங்கியது. இருபது நிமிஷம் கருவியை நகர்த்தி நகர்த்திப் பார்த்தாள்.

"வால்வு ரொம்பக் குறுகியிருக்கு. ஆனா ஹார்ட் இன்னும் நன்னா பம்ப் பண்றது."

மீதி எல்லாம் ஒரே கேள்வியில் இருப்பதாகச் சொன்னாள். மூச்சு வாங்குகிறதென்றால் வால்வை உடனே மாற்றியாக வேண்டும், தள்ளிப்போடுவது உயிருக்கு ஆபத்து. வாங்கவில்லையென்றால் ஆறு மாதம் பொறுத்துப் பார்க்கலாம்.

நெஞ்சைக் கிழிக்க விடமாட்டேன் என்று வீட்டிலேயே சொல்லிவிட்டுப் புறப்பட்டவர் சேசுராஜ்.

"படி ஏறினா மூச்சு வாங்கறதா?"

"இல்ல டாக்டர். இப்பகூட ரெண்டு மாடி ஏறித்தான வந்தேன்? இவதான் முட்டு வலின்னு வழியெல்லாம் உக்காந்துட்டா."

பொய் சொல்கிற குரல் இல்லை அது. டாக்டர் தலையசைத்துவிட்டு, மூச்சுத்திணறல் இல்லை என்று எழுதப் போனாள்.

"எழுதாதீங்க டாக்டரம்மா" என்றாள் ஏஞ்சலம்மாள்.

சேசுராஜ் திரும்பிப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை.

"ஏழு படிக்கு மேல இவருக்கு ஏலாது. சொன்னா ஒத்துக்கிட மாட்டாரு. எனக்கு முட்டு வலியே கிடையாது. இவருக்கு மூச்சு வாங்கையில நான் உக்காந்துருவேன். இடையில நிறுத்தாம என்னைய ஏசுற அளவுக்கு மூச்சு வந்ததும் எந்திச்சிருவேன்."