அடுப்படிவரை போன செருப்பு

சியாமளா டீச்சரின் எம்சிஆர் செருப்புக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. குதிகால் வலிக்கென்று வாங்கியதால், அது மட்டும்தான் வீட்டுக்குள் அடுப்படிவரை போகும்.

“சாம்பார் கொதிக்கிறதைப் பார்த்திருக்கியா தம்பி?” என்று வாசலில் கிடக்கும் ரப்பர் செருப்பிடம் கேட்கும்.

வலி மட்டும் தீரவில்லை. டீச்சர் வாராவாரம் ஆஸ்பத்திரிக்குப் போய் அதிர்வலை சிகிச்சை எடுத்துக்கொண்டார். மெஷின் குதிகாலில் டகடகவென்று அடிக்க, கட்டிலுக்கடியில் கிடந்த செருப்பு, “பழைய வலி, இன்னும் கொஞ்சம் ஓங்கி அடி” என்று அதற்கு உத்தரவு போட்டது.

மூன்றாவது மாதம் வலி விட்டுப்போனது. டீச்சர் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு, வெறுங்காலோடு உள்ளே போனார்.

“என்னண்ணே, இங்கேயே விட்டுட்டாங்க?” என்றது ரப்பர் செருப்பு.

“கொஞ்சம் தள்ளிப் படு தம்பி. ஒரு குதிகாலையே குணப்படுத்திட்டு வந்திருக்கேன்.”